கடைசியில் நடப்பவள்

எங்கள் மலை நடைக் குழுவில் என் வேலை எல்லோருக்கும் கடைசியில் நடப்பது. முன்னால் ஒருவர் வழி காட்டிக்கொண்டு போவார். வரிசையின் வாலில் நான் வருவேன். எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் விதி. யாருக்காவது ஷூ கயிறு அவிழ்ந்தால் நான் நிற்க வேண்டும். யாராவது பாறை மறைவுக்கு ஒதுங்கினால் முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். யாருக்கு மூச்சு வாங்கினாலும் அவர் கிளம்பும் வரை நானும் கிளம்பக் கூடாது.

இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் குழுத் தலைவர். கோயம்புத்தூர்க்காரர், அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் ஒரு பம்ப் கம்பெனியில் எஞ்சினியர். ஒரு ஈத் விடுமுறையில் ஜார்ஜியாவுக்குப் போய், காலில் அகலமான பனிக்காலணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பனிமலையில் நடந்துவிட்டு வந்தார். அங்கே மூடுபனி இறங்கினால் பத்தடி பின்னால் வருபவர்கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டாராம். அதனால் கடைசியில் நடப்பவரைப் பொறுக்கித்தான் போடுவார்களாம். எங்கள் எல்லோரையும் ஒருமுறை அந்தப் பனிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பயிற்சி என்று சொல்லித்தான் குளிர்காலத்தில் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஓமன் எல்லையை ஒட்டிய ராஸ் அல் கைமா மலைகளில் ஏற்றி இறக்கினார்.

நான் அபுதாபியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. கணவருக்குக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் வீட்டில். அவர் இல்லாத ஞாயிறுகளில் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதிலிருந்து தப்பிக்கத்தான் குழுவில் சேர்ந்தேன். நான்கு மணி நேரம் ஒரு நோயாளி பக்கத்தில் நின்று மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குப் பொறுமை இருக்கும் என்று தலைவர் என்னை வாலில் போட்டார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்களைக் கூட்டிப்போவது ஒரு வாடகை மினி பஸ். இரண்டு குளிர்காலமாக ஒரே டிரைவர். ராமநாதபுரம் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். முசஃபாவில் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூமில் ஆறு பேரோடு இருந்தார். நாங்கள் மலைக்குப் போனால் அவர் பஸ்ஸிலேயே இருப்பார். கண்ணாடியைத் துடைப்பார், கொஞ்சம் தூங்குவார், வீட்டுக்கு வீடியோ கால் போட்டுப் பேசுவார், சிக்னல் இருந்தால். சாயங்காலம் நாங்கள் புழுதியோடு இறங்கி வரும்போது மேலே என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்பார். கல்தான் இருக்கிறது என்பேன். கல்லைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று சிரிப்பார். ஆனால் அடுத்த தடவையும் கேட்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாதியின் வாயில் பஸ் நின்றது. வாதி என்பது இங்கே மலைக்கு நடுவில் கிடக்கும் வறண்ட ஓடை. மழை பெய்தால் மட்டும்தான் அதில் தண்ணீர் வரும், மற்ற நாளெல்லாம் வெறும் உருண்டைக் கல். எல்லோரும் இறங்கிப் பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி மலை உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, நீங்களும் வாங்களேன், தனியா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க என்று கேட்டுவிட்டேன். அவர் தலைவரைப் பார்த்தார்.

"வரட்டுங்க சிஸ்டர், அதுக்கென்ன," என்றார் தலைவர். "வண்டியை நல்லாப் பூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அவர் வண்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார். காலில் யூனிஃபார்மோடு போடும் கறுப்பு ஷூ, வழுவழுப்பான அடிப்பாகம். கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். தலைவர் தன் போனில் இருந்த பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். பதினாலு பெயர். எல்லோரும் கை தூக்கினோம். டிரைவர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டும் என்று தலைவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஏறும்போது அவர் என் பக்கத்திலேயே வந்தார். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டும் எங்களைவிட நன்றாக நடந்தார். எங்களோடு வந்த ஒரு ஸ்கூல் டீச்சருக்கு முட்டி வலி. செங்குத்தான இடங்களில் டிரைவர்தான் அந்த அம்மாளின் பையை வாங்கிச் சுமந்தார். பதினோரு மணிக்கு முன்னாலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாதி தொடங்கும் இடத்துக்கு மேலே ஒரு காலி ஊர் இருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டின ஏழெட்டு வீடுகள், படிப்படியாக வெட்டின பழைய வயல்கள், ஒரு இலந்தை மரம். ஜனங்கள் எப்போதோ கீழே டவுனுக்குப் போய்விட்டார்கள். டிரைவர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் குனிந்து எட்டிப் பார்த்தார். இவ்வளவு சின்ன வாசலில் எப்படிப் போய் வந்தார்கள் என்று கேட்டார். இலந்தை நிழலில் உட்கார்ந்து எங்களோடு புளியோதரை சாப்பிட்டார். அந்த ஒன்றரை மணி நேரம் அவர் டிரைவர் மாதிரி இல்லை, எங்களில் ஒருவர் மாதிரிதான் இருந்தார்.

சாப்பாடு முடியும்போது ஓமன் பக்கத்து முகட்டின் மேல் மேகம் குவிய ஆரம்பித்தது. வெள்ளையாக இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் கறுத்தது. காலையில் பார்த்தபோது போனில் மழை என்று எதுவும் இல்லை. தலைவர் எழுந்து நின்றார். குரலை உயர்த்தாமல், எல்லோரும் பையை எடுங்கள், இறங்கிவிடலாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்து யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கீழே ஜீப் தடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு குறுகலான பாறைப் பிளவில் இறங்க வேண்டும். மேலே மழை பெய்தால் அந்தப் பிளவுதான் முதலில் நிறையும்.

ஆட்கள் கிளம்பத் தொடங்கியபோது டிரைவர் என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், லுஹர் தொழுதுட்டு வந்துர்றேன். அஞ்சு நிமிஷம்."

மத்தியானத் தொழுகைதானே, சரி என்றேன். பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரில் முகம், கை, கால் கழுவினார். ஒரு வயல் திட்டில் கைக்குட்டையை விரித்து நின்றார். நான் இலந்தை மரத்தடியில் என் நடைக்கம்பை ஊன்றிக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. கடைசி ஆள் எங்கே, இடைவெளி விழுகிறது, மூடிக்கொண்டு வாருங்கள் என்றார் தலைவர். கொஞ்சம் கீழே டீச்சர் ஒரு பாறை விளிம்பில் உட்கார்ந்து, இறங்கப் பயந்து என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகத்துக்குள் ஒரு உறுமல் கேட்டது.

நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் குனிந்திருந்தார். வேகமாக நடக்கிற மனுஷன், பிடித்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நான் கிளம்பினேன்.

அந்த ஊருக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் நாங்கள் ஏறி வந்த வழி, ஜீப் தடம் இருக்கிற கரைக்கு இறங்கும். இடது பக்கம் ஆட்டுப்பாதை, வாதியின் எதிர்க்கரைக்குப் போய்விடும். மேலிருந்து பார்க்கும்போது ஆட்டுப்பாதைதான் பெரிதாகத் தெரியும். வலது பக்கம் வர வேண்டும் என்று அவரிடம் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. சொன்ன மாதிரி சில நாள் ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகம் எனக்குச் சௌகரியமாக இருப்பதால் அதை நான் நம்புவதில்லை.

டீச்சரைக் கைப்பிடித்து ஒவ்வொரு பாறையாக இறக்கினேன். நடுநடுவே திரும்பிப் பார்த்தேன். சரிவு வெறுமையாக இருந்தது. பிளவின் வாயில் தலைவர் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவரும் இறங்கிய பிறகு வாக்கி டாக்கியில், எல்லோரும் வந்தாயிற்றா என்று கேட்டார். எனக்கு முன்னால் போகிறவர்களின் தொப்பிகளை எண்ணினேன். என்னோடு சேர்த்துப் பதினாலு.

"பதினாலு அண்ணே. எல்லாரும் இருக்கோம்," என்றேன்.

கணக்கு சரியாக இருந்தது. சொன்னது சரியில்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

இரண்டேகாலுக்கு ஜீப் தடம் வழியாக பஸ்ஸுக்கு வந்தோம். பஸ் பூட்டியிருந்தது. அபுதாபி பேங்க் ஒன்றில் வேலை பார்க்கும் உயரமான பையன் ஒருவன் எங்கள் குழுவில் உண்டு, இருபத்தேழு வயது. அவன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, நமக்கு முன்னால் இறங்கின டிரைவர் எங்கே போய்த் தொலைந்தார் என்று சலித்துக்கொண்டான். இன்னொருவர், தொழப் போயிருப்பார் என்றார். அவர் இறங்கவே இல்லை, இன்னும் மேலேதான் இருக்கிறார் என்றேன்.

தலைவர் என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதானுங்க கடைசி."

"ஆமா."

"எல்லாரும் இருக்கோம்னீங்க."

"பட்டியல்ல இருந்தவங்களைச் சொன்னேன் அண்ணே."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு அழவாவது வசதியாக இருந்திருக்கும். டிரைவர் நம்பருக்குப் போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. எங்கள் எல்லோர் போனும் ஓமன் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு, ஓமனுக்கு நல்வரவு என்று மெசேஜ் காட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து யாருக்கும் கால் போகவில்லை. தடத்திலேயே இரண்டு கிலோமீட்டர் கீழே போனால் சிக்னல் வரும். பேங்க் பையனிடம், ஓடிப் போய் போலீசுக்குச் சொல் என்றார் தலைவர். தான் மட்டும் பிளவு வழியாகத் திரும்ப மேலே போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். நீங்கள் இங்கேயே இருந்து இவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போய்க் கால் மணி நேரத்தில் மழை பிடித்தது. நம் ஊரில் பெய்கிற மழை மாதிரி இல்லை. துளி ஒவ்வொன்றும் சரளைக்கல் விழுவது போல விழுந்தது. பஸ் பூட்டியிருந்ததால் பன்னிரண்டு பேரும் ஒரு பாறையின் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றோம். டீச்சர் முணுமுணுத்துக்கொண்டு ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஜெபம் சொல்ல முயன்றேன், வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வயல் திட்டும் குனிந்திருந்த முதுகும்தான் தெரிந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. டிப்பர் லாரி ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காமல். வாதியின் மேல் வளைவில் பழுப்பாக ஒரு நாக்கு நீண்டது. நுரையும் குச்சியும் ஆட்டுப்புழுக்கையுமாக அது கல்லுக்குக் கல் தடவிக்கொண்டு வந்தது. ஒரு நிமிஷத்துக்குள் அகலம் முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் பாறைகள் உருண்டு ஒன்றையொன்று இடிப்பது காலில் அதிர்ந்தது.

நான் வாக்கி டாக்கியை வாயோடு வைத்துக் கத்தினேன். "அண்ணே, வாதில தண்ணி வந்துட்டு. பிளவுக்குள்ள போகாதீங்க. எங்க இருக்கீங்க?"

வெறும் கரகரப்பு. மறுபடி கத்தினேன். நாலாவது தடவை பதில் வந்தது. பிளவின் பாதியில் இருந்தாராம், பக்கவாட்டில் ஒரு திட்டில் ஏறிவிட்டாராம், கீழே தண்ணீர் ஓடுகிறது, தான் நகரப்போவதில்லை என்றார். டிரைவர் அங்கே இல்லை என்றார். அவர் குரல் நடுங்கியது. குளிரில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் ஒரு வார்த்தையால் இரண்டு பேர் இப்போது மலையில் இருந்தார்கள்.

மழை கொஞ்சம் தணிந்ததும் நான் பாறைக்கு வெளியே வந்து ஜீப் தடத்தில் மேல்பக்கமாக நடந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் வந்தார்கள். வராதீர்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முந்நூறு நானூறு மீட்டர் போயிருப்போம். டீச்சர்தான் முதலில் பார்த்தார். என் கையைப் பிடித்து இழுத்து எதிர்க்கரையைக் காட்டினார்.

டிரைவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். ஆட்டுப்பாதை வந்து முடிகிற இடத்தில், தண்ணீரின் விளிம்பில். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முழங்கையில் ரத்தம் வழிந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அதன் அர்த்தம் எங்களுக்கு உடனே புரிந்தது. சாவி என்னிடம் இருக்கிறது, நீங்கள் எல்லோரும் நனைந்துகொண்டு நிற்கிறீர்கள், இதோ வந்துவிட்டேன்.

நடுவில் இருபத்தைந்து மீட்டர் தண்ணீர். அவர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கயிறுகளை ஒன்றாக முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டார். பேன்ட்டை முட்டிவரை சுருட்டினார்.

எல்லோரும் கத்தினோம். வராதீர்கள், அங்கேயே இருங்கள் என்று பன்னிரண்டு பேர் கத்தியும் தண்ணீர் சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினோம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வேகவேகமாக ஆட்டினோம். அவர் தலையை அசைத்துவிட்டு ஒரு காலைத் தண்ணீருக்குள் வைத்தார். பிறகு அடுத்த கால். கணுக்கால், ஆடுசதை. மூன்றாவது எட்டில் முட்டிக்கு மேல் ஏறிவிட்டது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது, கையை விரித்துச் சமாளித்துக்கொண்டார். நாங்கள் இன்னும் வேகமாக ஆட்டினோம். அவர் எங்களையே பார்த்துக்கொண்டு இன்னொரு எட்டு வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால் நாங்கள் அவரைக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று ஆட்டுகிற கைதான் அவருக்குத் தெரியும். அவர் இத்தனை வருஷம் வளைகுடாவில் பார்த்ததும் அந்தக் கைதான்.

"யாரும் கை ஆட்டாதீங்க," என்றேன். "எல்லாரும் உக்காருங்க."

யாருக்கும் புரியவில்லை. நான் கம்பைக் கீழே போட்டுவிட்டு, தடத்தின் நடுவில் சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். டீச்சர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு முட்டி வலிக்கிற அந்த அம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து ஒருவர், அடுத்து ஒருவர். பன்னிரண்டு பேரும் மழையில் வரிசையாக உட்கார்ந்தோம். எங்களுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, இங்கேயேதான் இருப்போம் என்று சொல்ல எங்களிடம் வேறு வழி இல்லை.

அவர் தண்ணீருக்குள் நின்றுவிட்டார். தொடை அளவுத் தண்ணீர். எங்களை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். அவருக்கு மேல்பக்கத்தில் ஒரு மரக்கட்டை வேகமாக வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. எனக்குக் கத்தத் தோன்றியது, எழுந்திருக்கத் தோன்றியது. இரண்டு கையாலும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அது அவருக்கும் எங்களுக்கும் நடுவில், அவரிடமிருந்து நாலைந்து அடி தள்ளிப் போனது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் அவர் மேல் மோதியிருக்கும்.

அவர் பின்னாலேயே கால் வைத்து மெதுவாகக் கரையேறினார். ஒரு பாறையில் உட்கார்ந்தார். சாவியைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். நாங்கள் இந்தக் கரையில், அவர் அந்தக் கரையில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். யாராவது எழுந்து காலை உதறினால்கூட அவர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் முடிந்தவரை யாரும் எழவில்லை.

மழை நின்றபின் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடிய ஆரம்பித்தது. முதலில் தலைவர் பிளவிலிருந்து இறங்கி வந்தார், தலையிலிருந்து கால்வரை சேறு. எதிர்க்கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மணி சுமாருக்கு போலீஸ் பிக்கப் ஒன்று பேங்க் பையனை ஏற்றிக்கொண்டு வந்தது. உயரமான சக்கரம் உள்ள வண்டி. அதில் போய் அவரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். போலீஸ்காரர் நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். பதினைந்து என்றார் தலைவர்.

முழங்கைக் காயத்தைக் கழுவி நான்தான் கட்டுப் போட்டேன். மேலே ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தாராம். டீச்சர் தன் சால்வையை அவருக்குக் கொடுத்தார். இந்த நிலையில் ஓட்ட வேண்டாம், வேறு வண்டி கூப்பிடுகிறேன் என்று தலைவர் எவ்வளவோ சொன்னார். அவர் கேட்கவில்லை. பஸ்ஸைத் திறந்து ஹீட்டரைப் போட்டார். நான் முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ரோட்டுக்கு வந்து ரொம்ப தூரம் போன பிறகு, மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொழுதுக்கிட்டு இருக்கையிலேயே உங்க கம்பு கல்லுல படுற சத்தம் தள்ளித் தள்ளிப் போச்சு சிஸ்டர். அப்பவே மனசு தொழுகைல இல்ல."

தொழுகையை முடித்துவிட்டு ஓடித்தான் வந்ததாகவும், பாதை பிரிகிற இடத்தில் பெரிய பாதையைப் பிடித்ததாகவும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

அடுத்த நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. மேகம், வெள்ளம், சேற்றில் உட்கார்ந்திருக்கும் நாங்கள். மறக்க முடியாத சாகசம், அனைவரும் பத்திரம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். டூட்டி முடிந்து வந்து அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததை எழுதினேன். அவர் தொழுதுகொண்டிருந்தபோது நான் விட்டுவிட்டு வந்தேன், எல்லோரும் இருக்கிறோம் என்று பொய் சொன்னேன், அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை, எல்லாவற்றையும். அனுப்பியதும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அந்த நிம்மதி அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

டிரைவர் போன் செய்தார். குழுவில் அவரும் இருந்தார், வண்டி நேரம் சொல்வதற்காகச் சேர்த்திருந்தோம். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

"சிஸ்டர், அதை எடுத்துருங்க," என்றார். "வண்டிய விட்டு டிரைவர் போகக் கூடாதுன்னு கம்பெனில எழுதியே வாங்கியிருக்காங்க. யாராச்சும் அனுப்பி விட்டாங்கன்னா என் வேலை போயிரும்."

அழித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தவறான இடத்தில் அழுத்தினேன். பார்த்தவர்களிடம் தனித்தனியாகப் பேசி யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தேன். நல்லவேளை, கம்பெனிக்கு எதுவும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். அந்த உண்மை யார் தலையில் விழும் என்று அப்போதும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முடியும்வரை அவர்தான் வந்தார். மேலே என்ன இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டார். இனி இந்த வேலை எனக்கு வேண்டாம், வேறு யாரையாவது வாலில் போடுங்கள் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இனிமேல்தான் நீங்கள் சரியாகச் செய்வீர்கள் என்றார். அது நம்பிக்கையா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் நான் பட்டியலை வாங்குவதில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி யார் யார் கால் மலைப்பக்கம் திரும்புகிறதோ அவர்களை எண்ணுகிறேன். யாராவது நின்றால் நானும் நின்றுவிடுகிறேன், வாக்கி டாக்கி என்ன சொன்னாலும்.

அடுத்த செப்டம்பரில் அவருக்கு அல் ஐனில் ஒரு ஸ்கூல் பஸ்ஸில் டூட்டி மாறியது. தகவல் சொல்லப் போன் செய்தார். முழங்கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மடக்கினால் கொஞ்சம் பிடிக்கிறது என்றார். நாற்பத்தி மூன்று பிள்ளைகளாம், காலையில் ஒரே கூச்சலாம், இங்கிலீஷ் தவிர ஒன்றும் பேசுவதில்லையாம். வேலை பிடித்திருக்கிறதா என்றேன்.

"பிடிச்சிருக்கு. பிள்ளைங்க எல்லாம் இறங்கினதும் வண்டியப் பூட்டுறதுக்கு முன்னாடி கடைசி சீட்டு வரைக்கும் நடந்து பாக்கணும் சிஸ்டர். சீட்டுக்கு அடியிலயும் குனிஞ்சு பாக்கணும். நான் ரெண்டு தடவ பாக்குறேன்."

நல்லது அண்ணே என்றேன். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னாரா, வேலையைப் பற்றிக் கேட்டதால் சொன்னாரா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வண்டி எடுக்கணும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.